நம்ம ஊர் வாளெல்லாம் எங்கே போச்சு? நகல் வாள் வாங்குறவங்களுக்கு ஒரு நீளமான த்ரெட்

1.
இந்த வாரம் என் சேகரிப்புக்குப் புதுசா ஒண்ணு வந்திருக்கு. தஞ்சாவூர்ப் பாணி கட்டாரி. முஷ்டியில் பிடித்துக் குத்துகிற ஆயுதம். கையின் மேல்புறத்தை மூடுவது போல பாய்மரம் மாதிரி வளைந்த ஒரு இரும்புத் தகடு இருக்கும். அசல் இல்லை, நகல். முனை மழுங்கல். என்னிடம் இருப்பது எல்லாமே நகல்கள்தான். படம் போட்டதும் ஒரு தம்பி கேட்டார்: "சார், நான் வருசநாடு. எங்க பக்கத்து ஜமீன் வாள் மாதிரி ஒண்ணு செஞ்சு வாங்கணும். எங்கே கிடைக்கும்?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால்தான் இந்த த்ரெட்.

2.
நகல் செய்ய அசல் வேணும். நீளம், எடை, வளைவு, கைப்பிடி எல்லாம் அதைப் பார்த்து எடுக்கணும். "ஜமீன் வாள்", "பாளையக்காரர் வாள்" என்ற பெயரில் விற்கிற பொருளைப் பார்த்து, "இது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிற எந்த வாளின் நகல்?" என்று கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் பதில் வராது. ஏன் வராது என்பதுதான் இந்தக் கதை.

3.
வருசநாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதே ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்று ஒரு ஊர். 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழி எழுத்து பொறித்த நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழமை. கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், செத்துப்போன அந்துவன் என்பவனுக்கு எடுத்த கல் என்று ஒன்றில் இருக்கு. அந்தக் கல்லில் உருவமே கிடையாது. பேரும் சேதியும் மட்டும்.

4.
கல்லில் ஆளும் ஆயுதமும் வருவது பிந்தைய காலத்தில். நாயக்கர் காலத்து வீரக்கற்களில் வாள் ஓங்கிய வீரனைப் பார்க்கலாம். இந்தப் பள்ளத்தாக்கில் வயலோரத்திலும் கோயில் வாசலிலும் இப்படிக் கற்கள் நிற்குது. அடுத்த தடவை பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்க. வாள் நேரா, வளைவா? ஆள் உயரத்தில் எத்தனை பங்கு? கைப்பிடியில் விரலை மூடுகிற வளையம் இருக்கா? வாள் துருப்பிடித்துப் போய்விடும், கல் போகாது. நமக்கு மிச்சமிருக்கிற முதல் ஆதாரம் இதுதான்.

5.
கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பாளையங்கள் இருந்த பூமி. போடிநாயக்கனூர், கோம்பை, தேவாரம், கண்டமனூர் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஜனங்க "வருசநாட்டு ஜமீன்" என்று சொல்வது கண்டமனூரைத்தான். பாளையக்காரருக்குப் படை வைத்திருப்பதும் காவல் பார்ப்பதும் கடமை. ஆயுதம் அவர் தொழிலின் ஒரு பகுதி. நம்ம வீட்டுச் சுவரில் மாட்டுகிற மாதிரி அலங்காரப் பொருள் கிடையாது.

6.
அடுத்து மைசூர் வந்தது. 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தார். அவர் மகன் திப்பு காலம் வரை இந்தப் பக்கம் மைசூர் கையில். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கும்பினிக்குப் போனது. ஆக, ஒரே பள்ளத்தாக்கில் நாயக்கர் பாணி, மைசூர்க் குதிரைப்படைப் பாணி, உள்ளூர்ப் பட்டறைச் சரக்கு எல்லாம் புழங்கியிருக்கும். "எங்க ஊர் வாள் இப்படித்தான்" என்று ஒரே ஒரு வடிவத்தைக் காட்டுகிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க.

7.
இப்போ முக்கியமான இடம். 1799 அக்டோபர் 16, கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் தென்பகுதி முழுக்க மறுபடி போர். அக்டோபர் 24, திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்குத் தூக்கு. நவம்பர் 16, பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரைக்கு. இதெல்லாம் பாடப் புத்தகத்தில் படித்தது. அடுத்து நடந்ததைப் பாடத்தில் அவ்வளவாகச் சொல்லுவதில்லை.

8.
1801 டிசம்பர் 1. சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் போடுகிறார். தென்மாகாணப் பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் குடிகளும் இனி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஒப்படைக்கணும். மீறினால் கடும் தண்டனை. கோட்டைகளை இடித்தார்கள். பாளையக்காரர் என்றிருந்தவர் வரி கட்டுகிற ஜமீன்தார் ஆனார். அதனால் நாம் "ஜமீன் வாள்" என்று சொல்வது பெரும்பாலும் சண்டைக் காலம் முடிந்த பிறகு இருந்த பட்டத்து வாள், தர்பார் வாள்.

9.
ஒப்படைத்த ஆயுதம் உருக்கப்படலாம், உடைக்கப்படலாம், சிப்பாயின் மூட்டையில் கடல் தாண்டலாம். வாள் வைத்திருந்த மனுஷனும் கடல் தாண்டினான். மருது வம்சத்தில் உயிரோடு மிஞ்சியவர் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. சின்னப் பையன். 1802இல் அவரையும் மற்றவர்களையும் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

10.
ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒரு கும்பினி ராணுவ அதிகாரி. போருக்கு முன் சின்ன மருதுவோடு பழகியவர், பிறகு அவருக்கு எதிரான படையில் இருந்தவர். 1830இல் வந்த தன் நினைவுக் குறிப்பில், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கார். 1818இல் பினாங்கில் துரைசாமியைச் சந்தித்ததையும் எழுதியிருக்கார். அந்த வித்தையைப் பற்றி நேரில் கற்ற ஒருவரின் வாக்குமூலம், எதிராளி நோட்டில் இருந்துதான் நமக்குக் கிடைக்குது.

11.
ஆயுதங்கள் ஒரே இடத்தில் பத்திரமாக இருந்த ஊர் தஞ்சாவூர். அரண்மனை ஆயுதசாலையில் நாயக்கர் காலம், மராத்தியர் காலம் என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தவை. 1855இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கும்பினி எடுத்துக்கொண்டது. 1863இல் ஆயுதசாலையைக் கலைத்தார்கள். நல்லதாகப் பொறுக்கிய ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. மீதி குவியல் குவியலாக உடைபட்டு, பழைய இரும்பு விலைக்குப் போனது.

12.
வால்ஹவுஸ் என்ற அதிகாரி 1878இல் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் இந்தக் கதையை எழுதிவைத்ததால் நமக்குத் தெரியுது. அதே 1878இல்தான் இந்தியர்கள் ஆயுதம் வைக்க உரிமம் வேணும் என்ற ஆயுதச் சட்டமும் வந்தது. பேரீச்சம்பழத்துக்குப் பழைய இரும்பு போட்ட கதை நம்ம வீடுகளில் உண்டு. ஒரு அரசின் நினைவையே அப்படிப் போட்டிருக்காங்க.

13.
தப்பியது எங்கே இருக்கு? எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதங்கள் இருக்கு. 1851இல் அந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கிய எட்வர்ட் பால்ஃபர் ஒரு சர்ஜன். (எங்க ஆளு!) நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தஞ்சைக் கட்டாரிகள் இருக்கு. ஜார்ஜ் ஸ்டோன் என்ற சேகரிப்பாளர் தன் சேகரிப்பை உயில் எழுதி 1935இல் போய்ச் சேர்ந்தவை. படங்களை அவர்கள் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், அளவும் போட்டிருப்பார்கள். என் புது நகலை அந்தப் படங்களோடு பக்கத்தில் வைத்துத்தான் சரிபார்த்தேன்.

14.
அசலை விலைக்கு வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2023 மே மாதம் லண்டன் போனம்ஸ் ஏலத்தில் திப்புவின் படுக்கையறை வாள் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. நமக்கு நகல்தான் கட்டுப்படி ஆகும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

15.
ஏன்னா நகல் எடுப்பது இந்த ஆயுதங்களின் பிறப்பிலேயே இருக்கு. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் கைப்பிடி நம்ம ஊர் வேலை, அலகு ஐரோப்பிய வாளிலிருந்து எடுத்தது. பரங்கி அலகுக்கு அவ்வளவு மவுசு. 'ஃபிரங்கி' என்றே ஒரு வாள் வகைக்குப் பெயர். மவுசு இருந்தால் போலி வரும் இல்லையா? ஐரோப்பியப் பட்டறைகளின் முத்திரையை இங்கேயே அலகில் குத்தி விற்றிருக்காங்க. பர்மா பஜார் சரக்குக்கு அப்பவே தாத்தா இருந்திருக்கார்.

16.
இத்தனைக்கும் உலகம் தேடி வந்தது நம்ம எஃகை. 'ஊட்ஸ்' என்று அவர்கள் சொன்னது, தென்னிந்தியாவில் மண் குகையில் வைத்து உருக்கிய உயர்கார்பன் எஃகு. 1790களில் பம்பாயில் இருந்த டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1795இல் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்த ஜார்ஜ் பியர்சனும் டாக்டர். 1800-01இல் மைசூர், கோயம்புத்தூர் சீமைகளில் சுற்றி இரும்பு உருக்கும் முறையைக் குறித்துவைத்த பிரான்சிஸ் புக்கானனும் டாக்டர். பிறகு மைக்கேல் ஃபாரடே இதை ஆராய்ந்தபோது கூட இருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அறுவைக் கருவிகள் செய்கிறவர். வாள் செய்த எஃகில் ஸ்கால்பெல் செய்யலாமா என்று பார்த்த கூட்டம் இது.

17.
அதனால் ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் "டமாஸ்கஸ்" என்று அலை அலையான கோடுகளோடு விற்பது ஊட்ஸ் கிடையாது. இரண்டு வகை எஃகை அடுக்கி, ஒட்ட அடித்து, அமிலத்தில் கோடு வரவழைத்தது. சிலது அதுவும் இல்லை, மேலே கோடு மட்டும். ஊட்ஸில் கோலம் உலோகம் ஆறும்போது உள்ளேயே உருவாகும். விலை கேட்பதற்கு முன் இந்த வித்தியாசத்தைக் கேளுங்க.

18.
இன்னொரு ஆச்சரியம். உலகம் முழுக்க வரலாற்று வாள் நகல் விற்கும் பெரிய பெயர்களில் ஒன்று டேராடூனில் இருக்கு. விண்ட்லாஸ் நிறுவனம், 1943இல் கூர்க்காப் படைக்குக் குக்ரி செய்ய ஆரம்பித்தது. இன்று அமெரிக்காக்காரர் சுவரில் மாட்டுகிற ரோமானிய வாள், வைக்கிங் வாள் அங்கிருந்து போகுது. இங்கே செய்யத் தெரியாமல் இல்லை. நம்ம அசலை அளந்து கொடுத்துக் கேட்கிற ஆள் குறைவு.

19.
சரி, நகலில் என்ன பார்க்கணும்? முதலில் எடை. "எங்க முப்பாட்டன் வாள் இருபது கிலோ" என்று சொல்லாத ஊர் இல்லை. அசல் ஒருகைப் போர்வாள்கள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின்தான். தோள்பட்டை சொல்லும் கணக்கு இது. நீட்டிய கையில் நுனிப் பக்கம் எடை கூடக்கூட தோள் தசை சீக்கிரம் சோர்ந்துவிடும். சோர்ந்தால் செத்தான். அதனால் நல்ல அலகு அடியில் தடிமனாகவும் நுனி நோக்கி மெலிந்தும் போகும். மலிவு நகல் அடிமுதல் நுனிவரை ஒரே தகடு. கையில் எடுத்ததும் கடப்பாரை மாதிரி இருக்கும்.

20.
இரண்டாவது, கைப்பிடி. தல்வார் வகையின் பிடி ரொம்பச் சின்னதாக இருக்கும், முடிவில் ஒரு வட்டத் தட்டு. "அந்தக் காலத்தில் கை சின்னது" என்று சொல்வார்கள். தேவையில்லாத விளக்கம். நான்கு விரலும் நெருக்கிப் பிடிக்க வேண்டும், தட்டு மணிக்கட்டில் முட்டி மணிக்கட்டை அதிகம் மடக்க விடாது. வீச்சு முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வரும், அலகு இழுத்து அறுக்கும். அந்தத் தட்டையும் நெருக்கத்தையும் விட்டுவிட்டுச் செய்த நகல், பிடித்தவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்காது.

21.
மூன்றாவது, உள்ளே போகும் வால் பகுதி. தல்வாரில் அலகின் வாலை அரக்கு மாதிரிப் பிசினால் கைப்பிடிக்குள் இறுக்கியிருப்பார்கள். மலிவு நகலில் ஒரு மெல்லிய திருகுக் கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். சும்மா வீசிப் பார்க்கும்போது அது உடைந்தால் ஒரு கிலோ இரும்பு ஹாலில் பறக்கும். மழுங்கலாக இருந்தாலும் எலும்பு உடையும். அலங்கார வாளை வீசாதீங்க. குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்க.

22.
இப்போ ஒரு டாக்டராகச் சொல்ல வேண்டியது. வெட்டு வரும்போது மனுஷன் கையைத்தான் முன்னால் நீட்டுவான். அதனால் முன்கையின் வெளி எலும்பு, உள்ளங்கை, விரல் தசைநாண்கள், அல்னார் நரம்பு என்று காயம் அங்கேதான் விழும். தையல் போடுவது சுலபமான பகுதி. வெட்டுப்பட்ட நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கைப் பக்கம் அறுந்தால் விரலுக்குப் போய்ச் சேர மாதக்கணக்கு, பல நேரம் வருஷம் ஆகும். அதற்குள் கையின் சின்னத் தசைகள் சுருங்கிவிடும். சட்டைப் பொத்தான் போட முடியாத கையோடு எழுபது வயசு வரை வாழணும்.

23.
பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி வீடியோ போட்டு, அடுத்த நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்த பசங்க செய்தி அடிக்கடி வருது. "எங்க பரம்பரை வாள் பிடிச்ச பரம்பரை" என்பதுதான் பின்னணிப் பாட்டு. அந்தக் கத்தி எந்தப் பரம்பரை வாளின் நகலும் இல்லை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, சினிமாவைப் பார்த்துச் செய்தது. 1801இல் பிடுங்கப்பட்டதை மீட்டதாக நினைத்துக்கொண்டு, இல்லாத ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிறான். எதிரில் நிற்பவனும் அதே பள்ளத்தாக்கில், அதே தோல்வியில் ஆயுதத்தை இழந்த இன்னொரு வீட்டுப் பேரன்.

24.
வெட்டாத ஆயுதம் நமக்குப் புதுசு இல்லை. கருப்பசாமி கோயிலில் ஆள் உயர அரிவாள் நிற்குதே, அது யாரையும் வெட்டச் செய்ததா? வேண்டுதல் வைத்து, கொல்லுப் பட்டறையில் சொல்லி அடித்து, சாமிக்கு ஒப்படைத்தது. அதை எடுத்துச் சுழற்றணும் என்று யாருக்கும் தோணாது. வீட்டு நகல் வாளுக்கும் அந்த மரியாதை போதும்.

25.
சட்டம் கொஞ்சம். ஆயுதச் சட்டம் 1959, அதன் விதிகள்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட வாள், குத்துவாள் போன்றவை ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு, விவசாய உபயோகக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. அறிவிக்கை செய்த பகுதிகளில் உரிமம் கேட்பார்கள். "டெகரேட்டிவ் பீஸ் சார்" என்று கடைக்காரர் சொல்வது உங்களைக் காப்பாற்றாது. வாங்குவதற்கு முன் உங்க காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்க. தீட்டாதீங்க. பைக்கில் எடுத்துப் போகாதீங்க.

26.
"நூறு வருஷப் பழைய ஜமீன் வாள், ரகசியமா தர்றேன்" என்று யாராவது வந்தால் வாங்காதீங்க. ஒன்று, அமிலத்தில் துரு ஏற்றிய புதுசு. இல்லையென்றால் 1972 தொல்பொருள் சட்டத்தில் வரும் அசல். அதை விற்க வியாபாரிக்கு உரிமம் வேணும், நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. உழும்போது மண்ணுக்குள் இருந்து வந்தால் துருவைச் சுரண்டாமல், எண்ணெய் போடாமல், கிடைத்த இடத்தைப் படம் எடுத்து, வி.ஏ.ஓ. அல்லது தாசில்தாரிடம் சொல்லுங்க. வாளை விட, அது கிடந்த இடம் நிறைய சொல்லும்.

27.
எல்லாம் மீறி ஒரு விபத்து நடந்தால்: சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிங்க, கையை உயர்த்துங்க, 108க்கு அடிங்க. மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டு வாங்க. விரலை நேரா ஐஸில் போடாதீங்க.

28.
வருசநாட்டுத் தம்பிக்கு என் பதில். "ஜமீன் வாள்" என்று கடையில் தேடாதீங்க. உங்க பக்கத்தில் வாள் பிடித்த வீரக்கல் ஒன்றைக் கண்டுபிடிங்க. பக்கத்தில் ஸ்கேல் வைத்து நேராகப் படம் எடுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் பூசாமல். எழும்பூர் போய் அதே மாதிரி உருவம் உள்ள வாளைத் தேடுங்க. அந்த அளவில், மழுங்கலாக, ஒரு கிலோ பக்கத்தில் செய்து வாங்குங்க. சுவரில் மாட்டும்போது கீழே ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்க: எந்தக் கல், எந்த ஊர், எந்த அருங்காட்சியக வாள், நகல் செய்த வருஷம். நாளைக்கு உங்க பேத்தி அதைப் படித்துவிட்டு, "அப்போ அசல் எங்கே தாத்தா?" என்று கேட்பாள். 1801இலிருந்து ஆரம்பிங்க.